டயட்டீஷியன் ஆக: படிப்பு, பதிவு, வார்டு, அடுப்படி

ஜிம் நடத்துபவர், புரோட்டீன் பவுடர் விற்பவர், ஆறு வார ஆன்லைன் சான்றிதழ் வாங்கியவர் என யார் வேண்டுமானாலும் போர்டில் ‘டயட்டீஷியன்’ என்று எழுதிக்கொள்ளும் நிலைமை வெகுகாலமாக இருக்கிறது. இப்போது மெதுவாக மாறிவருகிறது. 2021-ல் வந்த தேசிய துணை மற்றும் சுகாதாரப் பணிகள் ஆணையச் சட்டம், டயட்டீஷியனையும் நியூட்ரிஷனிஸ்டையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சுகாதாரப் பணியாளர் என்று பெயர் வாங்க 3,600 மணி நேரத்துக்குக் குறையாத படிப்பு வேண்டும் என்றும் அது சொல்கிறது. எனவே கடலூரிலோ புதுச்சேரியிலோ இருந்துகொண்டு இந்தத் தொழிலுக்கு வர நினைப்பவர்கள், கல்லூரி விண்ணப்பத்தை வாங்குவதற்கு முன்பே ஒன்றைக் கேட்டுவிட வேண்டும்: இந்தப் படிப்பை வைத்து நாளைக்கு, அந்தச் சட்டப்படி அமையும் மாநிலக் கவுன்சிலில் பதிவு செய்ய முடியுமா?

பிளஸ் டூ முதல் பட்டம் வரை

பிளஸ் டூவில் உயிரியல், வேதியியல், இயற்பியல் எடுத்திருந்தால் எங்கேயும் தடையில்லை. மனையியல் எடுத்தவர்களையும் பல கல்லூரிகள் சேர்த்துக்கொள்கின்றன. ஆனால் வேதியியல் படிக்காமல் வருபவர்கள் உயிர்வேதியியல் பாடத்தில் திணறுவார்கள். கணக்குக்குப் பயந்து இந்தப் பக்கம் வருபவர்களும் உண்டு. அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது: தினமும் பெருக்கல், வகுத்தல், சதவீதம்தான் வேலையே.

பட்டப்படிப்பின் பெயர் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். நியூட்ரிஷன் அண்ட் டயட்டெடிக்ஸ், கிளினிக்கல் நியூட்ரிஷன், மனையியல் என்று பல பெயர்கள். பெயரைவிடப் பாடத்திட்டத்தைப் பாருங்கள். உடலியங்கியல், உயிர்வேதியியல், உணவு நுண்ணுயிரியல், நோய்க்கால உணவு, உணவுக்கூட நிர்வாகம் ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும். ஃபுட் டெக்னாலஜி வேறு வழி. பிஸ்கட் கம்பெனியிலும் பால் பண்ணையிலும் அதற்கு நல்ல வேலை உண்டு, வார்டுக்கு அது கொண்டுவந்து சேர்க்காது. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துச் சேர்ந்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் வந்து வழி கேட்பவர்கள் நிறைய.

சென்னையில் எத்திராஜ், ராணி மேரி, கோவையில் அவினாசிலிங்கம் என்று இந்தத் துறையின் பழைய பெயர்களில் பலவும் மகளிர் கல்விக்கூடங்கள். ஆண்களுக்குக் கதவு குறைவு என்றாலும் இல்லாமல் இல்லை. கோவை பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி, சென்னை போரூர் ஸ்ரீராமச்சந்திரா போன்றவை இருபாலருக்கும் உண்டு. நம் பக்கத்தில், காலாப்பட்டில் இருக்கும் புதுவைப் பல்கலைக்கழகத்தில் ஃபுட் சயின்ஸ் அண்ட் நியூட்ரிஷன் முதுகலை இருக்கிறது. அதற்கு கியூட் பி.ஜி. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

கடலூர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது: புதுச்சேரி இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான், தினம் பஸ்ஸில் போய்வரலாம். ஆனால் அங்குள்ள அரசுக் கல்லூரி இடங்கள் புதுச்சேரி அரசின் சேர்க்கை அமைப்பான சென்டாக் வழியாக நிரப்பப்படுகின்றன, குடியிருப்புச் சான்று பார்ப்பார்கள். தமிழ்நாட்டு அரசுக் கலைக் கல்லூரிகளுக்குத் தனி ஆன்லைன் விண்ணப்பம். இரண்டுக்கும் கடைசித் தேதி வேறு வேறு.

அஞ்சல் வழியில் படித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் இந்த மாவட்டத்தில் ரொம்ப நாளாக உண்டு. 2025 ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து, அந்த ஆணையச் சட்டத்துக்குள் வரும் படிப்புகளைத் தொலைதூர, ஆன்லைன் வழிகளில் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. அறிவித்துவிட்டது. கிளினிக்கல் நியூட்ரிஷன் அண்ட் டயட்டெடிக்ஸ் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ‘வீட்டிலிருந்தே டயட்டீஷியன் பட்டம்’ என்று யாராவது இன்று விளம்பரம் செய்தால் பணம் கட்டாதீர்கள்.

இன்டர்ன்ஷிப்பும் ஆர்.டி.யும்

பி.எஸ்சி.யோடு நின்றால் சின்ன மருத்துவமனையில், உடற்பயிற்சிக் கூடத்தில் வேலை கிடைக்கும். பெரிய மருத்துவமனை கேட்பது எம்.எஸ்சி., அல்லது டயட்டெடிக்ஸில் முதுகலை டிப்ளமோ. அதற்கு மேல் ‘ஆர்.டி.’, அதாவது ரெஜிஸ்டர்டு டயட்டீஷியன். 1963-ல் தொடங்கிய இந்திய டயட்டெடிக் சங்கத்தின் பதிவு வாரியம் நடத்தும் தேர்வு இது. முதுகலைத் தகுதியோடு மருத்துவமனையில் ஆறு மாத இன்டர்ன்ஷிப் முடித்திருக்க வேண்டும். ஒருமுறை தேறினால் ஆயுளுக்கும் ஆகிவிட்டது என்று இருக்க முடியாது. கருத்தரங்கு, பயிற்சி என்று புள்ளிகள் சேர்த்துக் குறிப்பிட்ட இடைவெளியில் புதுப்பிக்க வேண்டும்.

பலர் சறுக்குவது இன்டர்ன்ஷிப்பில்தான். பக்கத்தில் இருக்கிறது, தெரிந்தவர் இருக்கிறார் என்று ஒரு நர்சிங் ஹோமில் ஆறு மாதம் ஓட்டிவிட்டு, தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது அது செல்லாது என்று தெரியவரும். சேர்வதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். உங்களை மேற்பார்வை செய்பவர் ஆர்.டி.யா? ஐ.சி.யூ., டயாலிசிஸ், அறுவை சிகிச்சை, குழந்தைகள் வார்டு எல்லாம் அங்கே இருக்கின்றனவா? சமையல்கூடம் மருத்துவமனையின் சொந்தமா, வெளி ஆள் கான்ட்ராக்டா? மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. கான்ட்ராக்ட் சமையல் உள்ள இடத்தில் இன்டர்ன் அடுப்படிக்குள் கால் வைக்காமலேயே ஆறு மாதத்தை முடித்துவிடுவார். பிறகு நூறு பேருக்கு உப்பில்லாத சாம்பார் வைக்கச் சொன்னால் கை நடுங்கும்.

இன்டர்ன்ஷிப்புக்குப் பல இடங்களில் சம்பளம் கிடையாது. சில இடங்களில் உங்களிடமே கட்டணம் கேட்பார்கள். முதல் வேலையின் சம்பளமும் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. முதல் இரண்டு வருடச் சம்பளத்தை நம்பிப் பெரிய கல்விக் கடன் வாங்க வேண்டாம்.

வார்டில் காலை

எட்டு மணிக்கு முதலில் போக வேண்டியது சமையல்கூடத்துக்கு, பிறகுதான் வார்டு. ராத்திரி அட்மிட் ஆனவர்கள் யார், அறுவை சிகிச்சைக்கோ ஸ்கேனுக்கோ வெறும் வயிற்றில் இருக்க வேண்டியவர்கள் யார், சாதா, சாஃப்ட், லிக்விட், டயாபெட்டிக், லோ சால்ட், கிட்னி நோயாளிக்கான ரீனல் என்று எத்தனை எத்தனை தட்டு என்று பட்டியல் தயாராக வேண்டும். வெறும் வயிற்றுப் பட்டியலில் கண் வையுங்கள். ஒன்பது மணி ஸ்கேன் பதினொன்றுக்குத் தள்ளிப்போகும். நோயாளிக்குக் காலை இன்சுலின் போட்டிருப்பார்கள், இட்லி வந்திருக்காது. பத்தரைக்கு வியர்த்து மயங்குவார். தாழ்சர்க்கரை வந்தால் நினைவு இருப்பவருக்கு 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இன்சுலின் அளவை மாற்றுவது டாக்டர் வேலை. தட்டு ஏன் வரவில்லை என்று கேட்பது உங்கள் வேலை.

புதிதாக அட்மிட் ஆன ஒவ்வொருவருக்கும் 24 மணி நேரத்துக்குள் ஊட்டச்சத்து ஸ்கிரீனிங் முடித்துக் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். என்.ஆர்.எஸ். 2002 போன்ற படிவங்கள் இருக்கின்றன. கேள்விகள் எளிமையானவை: எடை இறங்கியதா, போன வாரம் சாப்பாடு குறைந்ததா, உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. என்ன, நோய் எவ்வளவு தீவிரம். ஆனால் ‘மூணு மாசத்துல எத்தனை கிலோ குறைஞ்சீங்க?’ என்று கேட்டால் பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. ரவிக்கை தொளதொளத்துவிட்டதா, பெல்ட்டில் எந்த ஓட்டையிலிருந்து எந்த ஓட்டைக்கு வந்திருக்கிறீர்கள், மோதிரம் கழன்று விழுகிறதா என்று கேளுங்கள். உடனே சொல்வார்கள். எழுந்து நிற்க முடியாதவருக்கு மேல்கைச் சுற்றளவை டேப்பால் அளக்கலாம்.

குடியால் பாதிக்கப்பட்டு, பத்துப் பதினைந்து நாள் சரியாகச் சாப்பிடாமல் வருபவர்கள் இந்தப் பக்கத்து வார்டுகளில் அடிக்கடி உண்டு. அவர்கள் விஷயத்தில் அவசரம் கூடாது. பசித்த வயிறு என்று முதல் நாளே குளுக்கோஸும் பிரியாணியும் ஏற்றினால் இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் திடீரென்று சரியும். இதயம் தாறுமாறாகத் துடிக்கலாம், உயிரே போகலாம். முதலில் தயமின் என்ற பி1 வைட்டமின், அதுவும் டாக்டர் உத்தரவில். சாப்பாடு கிலோவுக்கு 10 கலோரியில் தொடங்கி, தினமும் இரத்தம் பார்த்து ஏற்ற வேண்டும். ‘நோயாளிய பட்டினி போடறீங்க’ என்று உறவினர்கள் சண்டைக்கு வருவார்கள். காரணத்தை முன்னதாகவே உட்கார வைத்துச் சொல்லிவிட்டால் சண்டை பாதியாகும்.

கல்லீரல் சுருங்கிய நோயாளிக்கு இன்னொரு தவறு. பருப்பு, முட்டை, மீன் எதுவும் ஆகாது என்று ஊரே சொல்லும். பழைய பாடமும் அப்படித்தான் இருந்தது. இப்போதைய வழக்கம் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம், அதோடு படுக்கப் போகும் முன் ஒரு சிற்றுண்டி. இராத்திரி நீண்ட நேரம் வயிறு காய்ந்தால் உடம்பு தன் தசையையே எரிக்கும்.

டம்ளரும் கரண்டியும்

படித்து வந்தவர்கள் கிராம் கணக்கில் யோசிப்பார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் டம்ளர், கரண்டி, கைப்பிடி, ‘ஒரு கட்டு சோறு’ என்று யோசிப்பார். இந்த இரண்டுக்கும் நடுவில் மொழிபெயர்க்கத் தெரியாவிட்டால் எம்.எஸ்சி. காகிதம்தான். ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கி, வீட்டில் ஒரு வாரம் எல்லாவற்றையும் நிறுத்துப் பாருங்கள். சாம்பார்க் கரண்டியில் எத்தனை கிராம் பருப்பு வருகிறது? ஆழாக்கு ஊருக்கு ஊர் மாறும், உங்கள் ஊர் ஆழாக்கில் அரிசி எத்தனை கிராம்? வேகாத அரிசி 60 கிராம், வெந்தால் 150 முதல் 180 கிராம் ஆகும். குழைய வடித்தால் இன்னும் கூடும். ‘ஒரு கப் சாதம்’ என்று சார்ட்டில் எழுதும் ஆள் எந்தக் கப்பைச் சொல்கிறார் என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

எண்ணெயையும் உப்பையும் நேரடியாகக் கேட்காதீர்கள். ‘கொஞ்சமாத்தான் ஊத்துவோம்’ என்றுதான் பதில் வரும். மாதத்துக்கு எத்தனை லிட்டர் வாங்குகிறீர்கள், வீட்டில் எத்தனை பேர் என்று கேளுங்கள். நாலு பேருக்கு மூன்று லிட்டர் என்றால், 3,000-ஐ நாலால் வகுத்து, முப்பதால் வகுத்தால் ஆளுக்கு நாளைக்கு 25 மில்லி. உப்பு மாதம் ஒரு கிலோ பாக்கெட் என்றால் ஆளுக்கு 8 கிராமுக்கு மேல். 5 கிராம்தான் வரம்பு. ஊறுகாய், அப்பளம், கருவாடு இந்தக் கணக்கில் சேரவில்லை. கடலூர் முதுநகர்ப் பக்கம் கருவாட்டைக் கேட்காமல் உப்புக் கணக்கை முடித்தால் அது கணக்கே இல்லை.

நேற்றுச் சாப்பிட்டதைக் கேட்கும்போது ‘காலையில என்ன சாப்பிட்டீங்க?’ என்று ஆரம்பித்தால் டிபனிலிருந்துதான் சொல்வார்கள். ‘எழுந்ததும் முதல்ல வாயில போட்டது என்ன, எத்தனை மணிக்கு?’ என்று கேளுங்கள். கடலுக்குப் போகிறவருக்கு நாள் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். நெய்வேலியில் நைட் ஷிப்ட் பார்ப்பவருக்கு காலை என்பது படுக்கப் போகும் நேரம். அவருக்குப் போய் ‘காலை 8 மணி இட்லி’ என்று அச்சடித்த தாளை நீட்டினால், வாசல் தாண்டியதும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மறந்துவிடுவார். டீக்கடை வடை, டீயில் போடும் சர்க்கரை, டிவி முன்னால் தின்ற மிக்சர் ஆகிய மூன்றையும் தனித்தனியாகக் கேட்டால்தான் வெளியே வரும். இரண்டு ஸ்பூன் சர்க்கரையோடு மூன்று காபி என்றால் 30 கிராம் சர்க்கரை, 120 கலோரி.

ஒரு டயட் போட்டுப் பார்ப்போம்

52 வயதுப் பெண், சர்க்கரை நோய், மாத்திரை மட்டும். உயரம் 152 செ.மீ., எடை 60 கிலோ. பி.எம்.ஐ.: 60-ஐ 1.52-இன் இருமடியான 2.31-ஆல் வகுத்தால் 26. இந்தியர்களுக்கு 23-லேயே அதிக எடை தொடங்கிவிடுகிறது, 25 தாண்டினால் பருமன். பி.எம்.ஐ. 22 என்று வைத்தால் இலக்கு எடை 51 கிலோ. உட்கார்ந்த வேலை என்பதால் கிலோவுக்கு 25 கலோரி, சுமார் 1,300. புரதம் கிலோவுக்கு ஒரு கிராம் என்று 51 கிராம்.

இதைச் சாப்பாடாக மாற்றுவோம். காலையில் 100 மில்லி பாலில் சர்க்கரை இல்லாத காபி: 70 கலோரி, 3 கிராம் புரதம். டிபனுக்கு மூன்று சின்ன இட்லி, 15 கிராம் பருப்பில் வைத்த சாம்பார்: 230 கலோரி, 9 கிராம். மதியம் 60 கிராம் அரிசியின் சாதம், 100 கிராம் மீன் குழம்பு மீன், 200 கிராம் காய் அல்லது கீரை: 385 கலோரி, 27 கிராம். சாயங்காலம் 30 கிராம் கொண்டைக்கடலையில் சுண்டல்: 85 கலோரி, 5 கிராம். ராத்திரி 60 கிராம் மாவில் இரண்டு சப்பாத்தி, பருப்புக் கூட்டு, காய்: 270 கலோரி, 11 கிராம். தயிர் 100 கிராம்: 60 கலோரி, 3 கிராம். நாள் முழுக்க எண்ணெய் மூன்று டீஸ்பூன், 15 கிராம்: 135. கூட்டினால் 1,235 கலோரி, 58 கிராம் புரதம். மீதியில் ஒரு கொய்யாப்பழம்.

தாளில் அழகாக இருக்கிறது. உடைவது வெள்ளிக்கிழமை. மீன் போனால் 18 கிராம் புரதம் ஒரே அடியாகப் போய் 40-க்கு வந்துவிடும். அந்த இடத்தில் சாதம் ஏறும். செவ்வாய், வெள்ளி, புரட்டாசி மாதம், ஆடி வெள்ளி என்று கணக்குப் பண்ணினால் வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு நாள் சைவம்தான். அதனால் அந்த நாட்களுக்கு 30 கிராம் சோயா உருண்டை, 15 கிராம் புரதம், என்று மாற்றை முதல் நாளே எழுதிக் கொடுங்கள். விரதம் இருப்பவரா, மாத்திரை தாழ்சர்க்கரை உண்டாக்கும் வகையா என்று கேட்டு டாக்டருக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

உணவுப் பொருளின் சத்து அளவுகளுக்கு ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணை கையில் இருக்கட்டும். 528 உணவுகள் அதில் உண்டு. ஒரு நாளைத் தேவைக்கு அதே நிறுவனத்தின் 2020 பரிந்துரை. அமெரிக்கச் செயலிகளில் ‘ரைஸ்’ என்று தேடி வரும் எண்ணை நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் வெந்த சாதத்துக்கு, நாம் போடுவது அரிசிக்கு. மூன்று மடங்கு தப்பு இங்கேதான் நடக்கும்.

‘உப்பு ஏறிடுச்சு’

கிட்னி நோயாளிகள் வந்து உட்கார்ந்ததும் சொல்வது, ‘யூரியா உப்பு, கிரியேட்டினின் உப்பு ஏறிடுச்சுங்க’. இந்த ஒரு சொல்லால் வரும் குழப்பம் கொஞ்சமல்ல. இரத்தத்தில் ஏறிய கழிவான கிரியேட்டினினையும் சமையலறை டப்பாவில் இருக்கும் உப்பையும் ஒன்றென்று நினைத்து, உப்பை மட்டும் நிறுத்திவிட்டு மற்றதையெல்லாம் தொடர்வார்கள். இல்லையென்றால் இந்துப்புக்கு மாறுவார்கள். இந்துப்பிலும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். அதைவிட ஆபத்து ‘லோ சோடியம்’ என்று கடையில் விற்கும் உப்பு. சோடியத்தைக் குறைத்து பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். பொட்டாசியம் வெளியேறாத கிட்னிக்கு அது விஷம். இளநீரும் அப்படித்தான், பைபாஸில் வண்டியை நிறுத்தி ‘உடம்புக்குக் குளிர்ச்சி’ என்று குடித்துவிட்டு வருவார்கள். பொட்டாசியம் கூடிய நோயாளிக்கு அது ஆகாது.

காய்கறியில் பொட்டாசியத்தைக் குறைக்கும் முறை எளிது. தோல் சீவி, சின்னதாக நறுக்கி, நிறைய வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மணி நேரம் ஊறவைத்துக் கொட்டி, வேறு தண்ணீரில் வேகவைத்து அதையும் வடித்து, பிறகு தாளிக்க வேண்டும். எல்லோரும் இதைச் சரியாகச் செய்வதாகவே சொல்வார்கள், பொட்டாசியம் மட்டும் இறங்காது. கூடச் சமைப்பவரிடம் கேளுங்கள், ‘வடிச்ச தண்ணிய என்ன பண்றீங்க?’ காய் வெந்த தண்ணீரில்தான் சத்து, வீணாக்கக் கூடாது என்று நம் வீடுகளில் ஒரு பாடம் உண்டு. அந்தத் தண்ணீர் ரசத்துக்குப் போயிருக்கும். வடித்த பொட்டாசியம் முழுதும் அதே தட்டுக்குத் திரும்பி வந்திருக்கும். அதனால் டயட்டை நோயாளியிடம் மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள், சமைக்கிற ஆள் எதிரே உட்கார வேண்டும்.

புரதத்தில் இன்னொரு திருப்பம். டயாலிசிஸுக்கு முந்தைய கட்டத்தில் கிலோவுக்கு 0.6 முதல் 0.8 கிராம் என்று குறைப்போம். டயாலிசிஸ் தொடங்கியதும் 1.0 முதல் 1.2 என்று ஏற்ற வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு முறையும் இயந்திரத்தின் வழியே அமினோ அமிலங்கள் வெளியேறுகின்றன. குடும்பத்தாருக்கு முதல் பாடம் மட்டும் நினைவில் நிற்கும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் தோளெலும்பு துருத்திக்கொண்டிருக்கும். டயாலிசிஸ் தொடங்கும் தேதியை உங்கள் பதிவேட்டில் குறித்துவைத்து, அந்த வாரமே கூப்பிட்டுப் பேசுங்கள்.

தண்ணீர் அளவு: முந்தைய நாள் சிறுநீர் அளவு, அதோடு 500 மில்லி. காபி, மோர், கஞ்சி, சாதத்தில் ஊற்றும் ரசம் எல்லாம் இதில் சேரும். அன்றைய அளவை ஒரு பாட்டிலில் பிடித்துவைத்து, ரசம் ஒரு கரண்டி ஊற்றினால் பாட்டிலிலிருந்து ஒரு கரண்டியைக் கீழே ஊற்றச் சொல்லுங்கள்.

ட்யூப் ஃபீட்

வாயால் சாப்பிட முடியாதவருக்கு ட்யூப் வழியாகக் கொடுக்கும் திரவ உணவு இது. 50 கிலோ நோயாளிக்குக் கிலோவுக்கு 30 கலோரி என்றால் 1,500. ஒரு மில்லிக்கு ஒரு கலோரி வரும்படி ஃபீட் தயாரித்தால் 1,500 மில்லி. காலை 6 மணி முதல் ராத்திரி 9 வரை மூன்று மணிக்கு ஒருமுறை, 250 மில்லி, ஆறு வேளை. தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும், கொடுத்து முடித்தும் அரை மணி நேரமாவது அப்படியே இருக்கட்டும். தட்டையாகப் படுக்கவைத்துக் கொடுத்தால் நுரையீரலுக்குள் போய்விடும். ஒவ்வொரு வேளைக்கும் முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீர் விட வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பிய பிறகு ட்யூப் அடைத்துக்கொண்டது என்று போன் வந்தால், ஒன்று தண்ணீர் விடவில்லை, இல்லையென்றால் ராகிக் கஞ்சி. காய்ச்சும்போது தளர இருக்கும் கஞ்சி ஆற ஆற இறுகும். தண்ணீர் விட்டுத் தளர்த்தினால் கலோரி பாதியாகிவிடும். சூடு கொஞ்சம் தணிந்ததும் முளைகட்டி வறுத்து அரைத்த மாவு ஒரு டீஸ்பூன் போட்டுக் கலக்கச் சொல்லுங்கள். முளைத்த தானியத்தில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி ஸ்டார்ச்சை உடைத்து, கண்ணெதிரே கஞ்சி நீர்த்துப்போகும், கலோரி குறையாது. அந்த மாவை மிகவும் கருக வறுத்தாலோ, கொதிக்கும் கஞ்சியில் போட்டாலோ அமைலேஸ் செத்துவிடும். கலக்கிய கஞ்சியை மறுபடி ஒரு கொதி விட்டு, ஆறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டிக் கொடுக்கலாம். வீட்டில் செய்த ஃபீட்டை வெளியில் வைத்து இரண்டு மணி நேரம் தாண்டினால் கொட்டிவிட வேண்டும். மே மாதக் கடலூர்ச் சூட்டில் அதுகூட அதிகம்.

பத்தியம்

பிரசவ வார்டில் பத்தியத்தோடு மோதாதீர்கள், தோற்பீர்கள். பத்தியத்துக்குள்ளேயே நல்லது நிறைய இருக்கிறது: பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, பால் சுறாப் புட்டு. சுறாவில் பாதரசம் சேர வாய்ப்பு அதிகம் என்பதால் அதை எப்போதாவது வைத்துக்கொண்டு, நெத்திலி, மத்தி போன்ற சின்ன மீன்களை அடிக்கடி சேர்க்கச் சொல்லலாம், யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். மாற்ற வேண்டியது தண்ணீர் மறுப்பு ஒன்றைத்தான். பச்சைத் தண்ணீர் வேண்டாம் என்றால் சீரகம் போட்டுக் கொதிக்கவைத்த வெந்நீர் என்று சொல்லுங்கள், மாமியாரே டம்ளரை எடுத்து நீட்டுவார்.

வேலை எங்கே

மருத்துவமனைதான் முதல் வாசல். புதுச்சேரி கோரிமேட்டில் மத்திய அரசின் ஜிப்மர் மருத்துவமனை இருப்பதால் கடலூர், விழுப்புரம் நோயாளிகள் வரை இந்தப் பக்கம் வருகிறார்கள். மத்திய அரசு மருத்துவ நிறுவனங்களின் டயட்டீஷியன் பணியிடங்கள் எண்ணிக்கையில் குறைவு, அறிவிப்பு வரும்போது அனுபவச் சான்று கேட்பார்கள். அதனால் வேலை பார்த்த ஒவ்வொரு இடத்திலும் படுக்கை எண்ணிக்கை குறிப்பிட்ட சான்றிதழை அன்றன்றே வாங்கிவைத்துக்கொள்ளுங்கள், விட்டுவந்த பிறகு அலைய வேண்டியிருக்கும். தமிழ்நாட்டில் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் தேர்வுக்கு ஊட்டச்சத்து, மனையியல் பட்டம் செல்லும். கல்லூரியில் பாடம் எடுக்க மனையியலில் யு.ஜி.சி. நெட் தகுதித் தேர்வு.

சொந்த கிளினிக்

தொடங்குவதற்குப் பெரிய முதல் வேண்டாம்: எடைக் கருவி, உயரம் அளக்கும் சுவர்ப்பட்டை, டேப், சமையல் தராசு, உங்கள் ஊர்க் கடையில் வாங்கிய டம்ளர், கரண்டி, கிண்ணம் ஒரு செட். நோயாளியின் கையில் கரண்டியைக் கொடுத்து ‘இதுல எத்தனை?’ என்று கேளுங்கள். பெயருக்கு முன் ‘டாக்டர்’ போடாதீர்கள், முனைவர் பட்டம் இருந்தால் அது என்ன பட்டம் என்று சேர்த்து எழுதுங்கள். ‘சர்க்கரை நோய் முற்றிலும் குணமாகும்’ என்று போர்டு வைத்தால், 1954-ம் ஆண்டின் மாயமருந்து விளம்பரத் தடைச் சட்டத்தில் மாட்டுவீர்கள். சர்க்கரை நோய், உடல் பருமன் இரண்டும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் உள்ளவை. சத்துமாவு அரைத்து விற்க நினைத்தால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் பதிவு இல்லாமல் ஒரு பாக்கெட்டும் வெளியே போகக் கூடாது. பவுடர் கம்பெனிக்காரர் கமிஷன் பேச வருவார். வாங்கினால் அதன்பிறகு நீங்கள் எழுதும் ஒவ்வொரு சீட்டையும் டாக்டர்கள் சந்தேகமாகப் பார்ப்பார்கள், நோயாளி அனுப்புவது நின்றுவிடும்.

முதல் சந்திப்புக்கு 45 நிமிடம் ஒதுக்குங்கள். அதில் முப்பது நிமிடம் கேட்பதற்கு, பதினைந்து சொல்வதற்கு. ஒரே நாளில் பத்து மாற்றம் சொல்லாதீர்கள், இரண்டு போதும். பதினைந்தாம் நாள் மறுபடி வரச் சொல்லி, அந்த இரண்டும் நடந்ததா என்று மட்டும் பாருங்கள். எச்.பி.ஏ.1.சி. சோதனை இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது. ஒரு மாதத்திலேயே எடுத்துப் பார்த்துவிட்டு ‘டயட் வேலை செய்யலியே’ என்று வருபவரிடம் இதைச் சொல்லி, அடுத்த சோதனைத் தேதியை அவருடைய மாத்திரைச் சீட்டின் பின்பக்கத்திலேயே எழுதிக் கொடுங்கள், அந்தச் சீட்டைத்தான் அவர் தொலைக்காமல் வைத்திருப்பார்.